'துரை, சி. என். அண்ணா': நூலகப் பட்டியலில் தமிழ்ப் பெயரை எப்படி ஏற்றுவது?

கார்டுப்பெட்டி · செவ்வாய், காலை 9.40

எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன நூலகம், பதினோராயிரம் புத்தகம் சொச்சம். இத்தனை காலம் மரப்பெட்டியும் கார்டும்தான். இரண்டு மாதமாக எல்லாவற்றையும் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம், நானும், படிப்பு முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் இரண்டு பிள்ளைகளும். புத்தகத் தலைப்பு, பதிப்பகம், ஆண்டு எதிலும் தகராறு இல்லை. ஆசிரியர் பெயரில்தான் தினமும் பஞ்சாயத்து.

நேற்று சும்மா 'அண்ணாதுரை' என்று தேடிப் பார்த்தேன். 'அண்ணாதுரை, சி. என்.' ஒன்று. 'அண்ணாதுரை, சி.என்' ஒன்று, புள்ளி குறைச்சல். 'கா. ந. அண்ணாதுரை' ஒன்று. 'அறிஞர் அண்ணா' என்று தனியாக ஒரு கும்பல், 'அண்ணா, பேரறிஞர்' என்று இன்னொன்று. இதெல்லாம் போக, அட்டையில் 'அண்ணா' ஒரு வரியிலும் 'துரை' அடுத்த வரியிலும் அச்சாகியிருந்த ஒரு பழைய நூலுக்கு ஒரு பிள்ளை 'துரை, சி. என். அண்ணா' என்று ஏற்றிவைத்திருக்கிறான். திட்டவும் மனசு வரவில்லை. அவன் பார்த்துப் படித்த பாடத்தில் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர், அதை முன்னால் கொண்டுவந்து காற்புள்ளி போடு என்று இருந்ததாம். போட்டுவிட்டான்.

இதற்கு விதி என்று ஏதாவது உண்டா, இல்லை அவரவர் நூலகம் அவரவர் இஷ்டமா?

அட்டவணை அக்கா · செவ்வாய், காலை 10.55

விதி இருக்கிறது தம்பி, நன்றாகவே இருக்கிறது. யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை, அவ்வளவுதான். 1978இல் வந்த ஆங்கிலோ அமெரிக்கப் பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பிலேயே தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்குக்கும் தனியாகச் சொல்லியிருக்கிறது: குடும்பப் பெயர் இல்லாவிட்டால் இட்ட பெயரை முன்னால் வை, அதற்கு முன்பு வருவது ஊரும் சில சமயம் அப்பா பெயரும், பின்னால் ஒட்டுவது சாதியாக இருக்கலாம் என்று. அதற்கு அடுத்து 2010இல் வந்த விதித்தொகுப்பான ஆர்டிஏவும் இந்தியப் பெயர்களுக்குப் பின்னிணைப்பில் இடம் கொடுத்தது. ஆக அண்ணாதுரை முன்னால், இனிஷியல் பின்னால். காற்புள்ளி போட்டுத் திருப்பிய பெயர் என்பதால் மார்க் என்ற கணினிப் பதிவு வடிவத்தில் ஆசிரியர் பெயர் போகும் 100ஆம் புலத்தில் முதல் குறி 1. கல்கி, புதுமைப்பித்தன் மாதிரி திருப்பாமல் அப்படியே நிற்கும் பெயருக்கு 0. மென்பொருள் அந்த 1-க்குக் குடும்பப் பெயர் என்று விளக்கம் காட்டும், அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் துறைக்கே தகப்பனாரான எஸ். ஆர். ரங்கநாதன் பெயரிலேயே பாடம் முழுக்க இருக்கிறது. 'எஸ்' என்பது ஷியாளி, அதாவது நம்ம சீர்காழிதான், வெள்ளைக்காரன் காலத்து எழுத்துக்கூட்டலில். 'ஆர்' அப்பா ராமாமிர்தம். ஆள் ரங்கநாதன். அவர் 1934இல் எழுதிய பட்டியல் விதிநூலில் காற்புள்ளி வைத்துத் திருப்பும் வேலையே கிடையாது. ரங்கநாதன் என்பதைப் பெரிய எழுத்தில் முன்னால் போட்டு மிச்சத்தை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிடுவார். இந்தப் பெயரில் தேடும் சொல் எது, துணைச் சொல் எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். காற்புள்ளியைப் பார்த்தால்தான் 'இது ஏதோ குடும்பப் பெயர் போலிருக்கு' என்று நினைப்பு வருகிறது.

உங்கள் பையன் செய்தது புதுசும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு கார்டில் 'கலாம், ஏ. பி. ஜே. அப்துல்' என்று தட்டச்சு செய்து மூத்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்துல் கலாம் முழுசாக ஒரே பெயர், அதை நடுவில் வெட்டினால் அர்த்தமே போய்விடும் என்றார்.

அரைப்புள்ளி · செவ்வாய், மதியம் 1.20

அக்கா சொன்ன விதி சரி. ஆனால் அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை: எதற்கு இன்னும் திருப்புகிறோம்? பெயரைத் திருப்பியது கார்டுகளை எழுத்து வரிசையில் அடுக்கத்தான். இழுப்பறையைத் திறந்தால் 'அ' வரிசையில் அண்ணாதுரை கிடைக்க வேண்டும், 'சி' வரிசையில் இல்லை. இப்போது இழுப்பறையே இல்லை. வரிசைப்படுத்த ஒரு வடிவம், காட்ட ஒரு வடிவம் என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் முடிந்தது கதை. வாசகர் கண்ணுக்கு 'சி. என். அண்ணாதுரை' என்றே தெரியட்டும், உள்ளே எப்படி வேண்டுமானாலும் கிடக்கட்டும். கோஹாவில் ஓபேக், அதாவது வாசகர் தேடும் திரை, காட்டும் விதத்தை எக்ஸ்எஸ்எல்டி என்ற வடிவமைப்புக் கோப்பில் மாற்றலாம், கஷ்டமே இல்லை. நான் ஒரு பள்ளி நூலகத்துக்குச் செய்து கொடுத்தேன். பிள்ளைகள் 'யாரு சார் இந்த கருணாநிதி கமா மு?' என்று கேட்பது நின்றது.

ஐஸ்லாந்தில் தொலைபேசிப் புத்தகமே இட்ட பெயர் வரிசையில்தான் இருந்தது, பின்னால் வருவது அப்பா பெயரோடு மகன் மகள் என்று ஒட்டியது. தாய்லாந்திலும் ஆளை இட்ட பெயரால்தான் குறிப்பிடுவார்கள். அவர்கள் யாரும் இதற்காக வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. நாம்தான் விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தைப் பார்த்ததும் அப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

அட்டவணை அக்கா · செவ்வாய், மதியம் 2.05

காட்டுவதை மாற்றுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உள்ளே 'எப்படி வேண்டுமானாலும்' கிடக்கக் கூடாது அரைப்புள்ளி. உள்ளே குப்பை என்றால் வெளியே கோலம் போட்டு என்ன பயன்?

வடலி · செவ்வாய், இரவு 8.30

யாழ்ப்பாணத்துக்காரன், இப்போது டொராண்டோவில். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, இனிஷியலே கடலைத் தாண்டினால் மாறும். ஆங்கில நெடுங்கணக்கின் இருபதாவது எழுத்தை நீங்கள் 'டி' என்று எழுதுவீர்கள், நாங்கள் 'ரி' என்போம். நான்காவது எழுத்துதான் எங்களுக்கு 'டி'. அப்படியிருக்க, 'டி. சிவலிங்கம்' என்ற பெயரை ஊரில் ஒருவர் பதிந்தால் அது ஒரு ஆள், சென்னையில் பதிந்தால் வேறு ஆளாகவும் இருக்கலாம். ஆங்கில இனிஷியலைத் தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பம் தவிர்க்க ஏலாது. மலேசியாவில் இன்னொரு கூத்து, அடையாள அட்டையில் 'அ/லெ' என்று மலாயில் வரும், தமிழில் 'த/பெ'. அதையும் பெயரின் பகுதி என்று நினைத்துப் பட்டியலில் ஏற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, இங்கே ஒரு பெரிய நூலகத்தில் சுஜாதா நாவல் தேடி அரை மணித்தியாலம் போனது. மேற்கு நாட்டு நூலகங்கள் தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் ஏற்றும்போது அமெரிக்க நூலகச் சங்கமும் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகமும் வகுத்த அட்டவணையைத்தான் பின்பற்றுகின்றன. அதில் 'ச' எங்கே வந்தாலும் ஆங்கிலத்தின் மூன்றாவது எழுத்து. சுஜாதாவும் சுந்தர ராமசாமியும் அந்த எழுத்தில்தான் தொடங்குவார்கள். தன் பெயரை ஆங்கிலத்தில் அப்படி எழுதுகிற எழுத்தாளர் ஒருவரும் இல்லை, தேடுகிற வாசகனும் இல்லை. தமிழ் எழுத்தை 880ஆம் புலத்தில் இணையாக ஏற்றியிருந்தால் தப்பினேன், பழைய பதிவுகளில் அதுவும் இல்லை. உங்களுடைய நூலகம் தமிழில் ஏற்றுகிறதென்றால் அந்தப் பாதித் தலையிடி இல்லை, சந்தோஷப்படுங்கள்.

ராமநாதபுரம் ரீடர் · புதன், காலை 7.15

சுஜாதா என்றதும் நினைவு வருகிறது. எங்கள் ஊர் நூலகத்தில் எஸ். ரங்கராஜன் என்று ஓர் ஆசிரியர் தலைப்பு, சுஜாதா என்று ஒரு தலைப்பு, ரா. கி. ரங்கராஜன் என்று ஒரு தலைப்பு. யாரோ புண்ணியவான் முதலாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக்கிவிட்டார். ஒரு ரங்கராஜன் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறார் என்றுதானே அந்த மனுஷன் மனைவி பெயரையே வைத்துக்கொண்டார்! அதைத் திரும்பக் கொண்டுபோய் அங்கேயே சேர்த்தால்?

புனைபெயருக்கு என்ன செய்வது? இயற்பெயருக்குக் கீழே எல்லாவற்றையும் திரட்டுவதா?

அட்டவணை அக்கா · புதன், காலை 9.10

வேண்டாம். எந்தப் பெயரில் அறியப்படுகிறாரோ அதுதான் தலைப்பு. புதுமைப்பித்தன் கதையை 'விருத்தாசலம், சொ.' என்று தேடி வருகிறவர் யார்? வருவார், ஆய்வு மாணவர் ஒருவர் வருவார். அவருக்காக 'விருத்தாசலம், சொ. – புதுமைப்பித்தன் காண்க' என்று ஒரு வழிகாட்டிக் குறிப்பு. ரங்கநாதன் இதைத் 'தேடப்படும் தலைப்பு' என்று ஒரு நெறியாகவே வைத்தார், வாசகர் எதைத் தேடி வருவார் என்பதுதான் அளவுகோல்.

ஆனால் அம்பை மாதிரி ஒருவர் வந்தால் கதை வேறு. கதைகள் அம்பை என்ற பெயரில், ஆய்வு நூல்கள் சி. எஸ். லக்ஷ்மி என்ற பெயரில். இரண்டையும் அவரே வேண்டுமென்றே தனித்தனியாக வைத்திருக்கிறார். அங்கே இரண்டு தலைப்பு, இரண்டுக்கும் நடுவே 'மேலும் காண்க'. 'காண்க' என்றால் இங்கே ஒன்றுமில்லை அங்கே போ என்று அர்த்தம், 'மேலும் காண்க' என்றால் இங்கேயும் இருக்கிறது அங்கேயும் இருக்கிறது. இந்த இரண்டையும் கலந்தடிப்பதுதான் பாதிப் பட்டியல்களின் வியாதி. அப்புறம் 'லட்சுமி' என்ற பெயரில் எழுதிய நாவலாசிரியர் வேறு, திரிபுரசுந்தரி, மருத்துவர். அவரை இதில் கொண்டுவந்து சேர்த்துவிடாதீர்கள்.

ஒத்த பெயர் வந்தால் ஆண்டைச் சேருங்கள். மீனாட்சிசுந்தரம் என்று எடுத்தால் உ. வே. சா.வின் ஆசிரியர் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815–1876, தெ. பொ. மீ. 1901–1980. நூறு வருஷ இடைவெளியில் இரண்டு தமிழறிஞர்கள். இனிஷியலை மட்டும் நம்பினால் ஒருநாள் கட்டாயம் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒற்றைக் கோடு · புதன், காலை 11.45

ஆண்டு பற்றிச் சொன்னதால் ஒரு சின்னப் புலம்பல். 'சுஜாதா, 1935–' என்று கோடு தொங்கிக்கொண்டே இருக்கும் பட்டியல்கள் இன்னும் உண்டு. 2008இல் போய்ச் சேர்ந்தவர் அங்கே உயிரோடு இருக்கிறார். காங்கிரஸ் நூலகமே ஏற்கெனவே நிலைத்துவிட்ட தலைப்புகளில் இறந்த ஆண்டைச் சேர்க்கலாம் என்று 2006இல்தான் வழிவிட்டது, அதனால் மற்றவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உயிரோடு இருப்பவருக்குப் பிறந்த ஆண்டே போடாமல் விட்டால் இந்த வம்பே இல்லை என்பது என் கட்சி. ஒத்த பெயர் இன்னொன்று வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தாய்முதலெழுத்து · புதன், மாலை 4.30

இங்கே ஆண்டு என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். என்னுடைய கவிதைத் தொகுப்பு இரண்டு. முதல் புத்தகம் வந்தபோது கணவர் பெயரின் எழுத்து எனக்கு இனிஷியல், அப்போது அதுதான் எல்லாரும் செய்வது. பிரிந்த பிறகு அம்மா பெயரின் எழுத்தைப் போட்டுக்கொண்டேன், இரண்டாவது புத்தகம் அந்தப் பெயரில் வந்தது. ஒரு நூலகப் பட்டியலில் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். நல்லதுதான், ஆனால் சேர்த்தது பழைய இனிஷியலின் கீழ். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அந்த மனிதரின் முழுப்பெயர், என் பிறந்த ஆண்டு. எந்தப் புத்தகத்திலும் நான் அச்சிடாத தகவல், யாரோ வெளியீட்டு விழா அழைப்பிதழைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டேன். 'முதலில் பதிந்த பெயர்தான் மேடம், மாற்ற முடியாது' என்றார்கள். இனிஷியலை விரித்து எழுதுவது உங்களுக்கு விவரம், எனக்கு அது வீட்டு முகவரி மாதிரி.

அட்டவணை அக்கா · புதன், மாலை 5.20

மன்னிக்கணும் அம்மா, அவர்கள் சொன்னது தப்பு. முதலில் பதிந்த பெயரே கடைசிவரை என்று எந்த விதியும் இல்லை. ஆள் பெயரை மாற்றிக்கொண்டால் புதுப் பெயரைத் தலைப்பாக்கு என்றுதான் இருக்கிறது. முதல் புத்தகத்தின் அட்டையில் பழைய பெயர் அச்சாகியிருக்கிறது, அதனால் அந்தப் பெயரைத் தேடி வருகிறவருக்கு ஒரு 'காண்க' வேண்டியிருக்கும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கணவர் பெயரை விரித்ததும் அழைப்பிதழில் ஆண்டு பிடுங்கியதும் அதிகப்பிரசங்கித்தனம். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் எதைச் சொன்னாரோ அதோடு நிறுத்த வேண்டும். நானும் அந்தக் காலத்தில் தந்தி அடிக்காத குறையாக எழுத்தாளர்களுக்கு அஞ்சலட்டை போட்டு 'தங்கள் இனிஷியலின் விரிவு யாது?' என்று கேட்டவள்தான். பெருமையாக நினைத்துச் செய்தேன். இன்றைக்குச் செய்ய மாட்டேன்.

அரைப்புள்ளி · புதன், மாலை 6.00

இதே காரணத்துக்காகத்தான் ஆண், பெண் என்று பாலினம் பதியும் 375ஆம் புலத்தையே விட்டுவிடச் சொல்லி அமெரிக்கக் கூட்டுப் பட்டியலாக்கத் திட்டத்தின் குழு 2022இல் பரிந்துரைத்தது. திருநர் எழுத்தாளர் ஒருவருக்கு இதெல்லாம் பழைய பெயரோடு சேர்த்துத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். பழைய பெயரில் புத்தகமே வராதபோது, அதைப் பதிய நூலகத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

செங்கோடன் · புதன், இரவு 9.15

எல்லாம் சரி, சாதிப் பெயரை என்ன செய்யப்போகிறீர்கள்? வ. உ. சி.யைச் 'சிதம்பரம் பிள்ளை' என்று ஏற்றுவதா, 'சிதம்பரனார்' என்று ஏற்றுவதா? என்னைக் கேட்டால் வால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நறுக்கிவிட வேண்டும். அரசு நூலகமானாலும் அறக்கட்டளை நூலகமானாலும்.

ராமநாதபுரம் ரீடர் · புதன், இரவு 9.40

தோழர், 1920களின் புத்தகத்தில் அவரே பிள்ளை என்று போட்டிருந்தால்? சரித்திரத்தைத் திருத்துவதா?

செங்கோடன் · புதன், இரவு 9.52

புத்தகத்தை யார் திருத்தச் சொன்னது? தலைப்புப் பக்கத்தில் இருப்பதை 245ஆம் புலத்தில் எழுத்துக்கு எழுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் தலைப்பு என்பது நாம் வைப்பது. நாம் ஏன் வைக்க வேண்டும்?

அட்டவணை அக்கா · வியாழன், காலை 8.20

இதில் செங்கோடன் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். அச்சில் இருப்பது அச்சில் இருந்தபடி, தலைப்பு தனி, இந்தப் பிரிவினை மிகச் சரி. ஆனால் ஒரே நாளில் நறுக்கினால் 'சாமிநாதையர்' என்ன ஆவார்? 'சாமிநாத' என்று பாதியில் தொங்குவாரா? கணித மேதை ராமானுஜனை மேற்கே 'ராமானுஜன் ஐயங்கார், சீனிவாச' என்று ஏற்றியிருக்கிறார்கள், உலகம் முழுக்க ராமானுஜன் என்று சொல்லும்போது அந்த ஐயங்கார் அங்கே எதற்கு என்று நானும் கேட்பேன். ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்: இன்றைக்கு வாசகர் எப்படிச் சொல்கிறார்? சிதம்பரனார் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்கிறதா, சிதம்பரனாரையே வையுங்கள். 'சிதம்பரம் பிள்ளை, வ. உ.' என்பதிலிருந்து ஒரு காண்க. வழிகாட்டியை அழிக்காதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

பெருமாள்முருகனையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தமிழில் அவர் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுகிறார், ஆக 'மு' அல்ல 'பெ' வரிசையில் முழுசாக நிற்க வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இரண்டாகப் பிரிந்து, பட்டியலில் முருகன் முன்னால் போய்விடுகிறார். பெருமாள் அவருடைய அப்பா பெயர் என்பதால் அந்த வெட்டும் ஒருவகையில் பொருந்திப்போகிறது. சர். சி. வி. ராமனுக்கு நேர்ந்தது அப்படி இல்லை. வேங்கடராமன் என்ற ஒரே பெயரை வேங்கட, ராமன் என்று பிளந்து, பாதியை இனிஷியலாக்கி, மீதியோடு நோபல் பரிசே வாங்கிவிட்டார். 1930இல் அவருக்குப் போய் யார் திருத்தம் சொல்வது.

அரைப்புள்ளி · வியாழன், காலை 10.00

கார்டுப்பெட்டி அண்ணா, தத்துவம் ஒருபக்கம் இருக்கட்டும். உங்கள் தேடலில் பாதிப் பெயர்கள் விழாமல் போவது விதியால் இல்லை, தட்டச்சு செய்த விதத்தால். மூன்றைச் சோதித்துப் பாருங்கள்.

'ஸ்ரீ' இரண்டு விதமாகத் தட்டச்சாகும். ஒன்றில் உள்ளே இருப்பது ஸ, மற்றதில் ஶ. திரையில் அச்சு அசல் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் வேறு வேறு விசைப்பலகை வைத்திருந்தால் ஸ்ரீனிவாசன்கள் இரண்டு குழுவாகப் பிரிந்திருப்பார்கள். அடுத்து 'கௌதமன்'. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் 'ள' எழுத்தையும் தனித்தனியாகத் தட்டியிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் 'மு.வரதராசன்' என்று இடைவெளி இல்லாமல் அடித்தது. சில அமைப்புகளில் அது முழுசும் ஒரே சொல்லாகப் பதிவாகி, 'வரதராசன்' என்று தேடினால் கைவிரிக்கும்.

பெயரை ஒவ்வொரு புத்தகத்திலும் புதிதாகத் தட்டச்சு செய்கிற வரை இது தீராது. அத்தாரிட்டி பதிவு ஒன்று செய்யுங்கள், ஓர் ஆளுக்கு ஒன்று. 100இல் தலைப்பு, 400இல் மற்ற வடிவங்கள் எத்தனை இருந்தாலும். புத்தகப் பதிவிலிருந்து அதைத் தேர்ந்தெடுக்க மட்டும் அனுமதி, தட்டச்சு செய்ய அனுமதி இல்லை. விக்கித்தரவிலோ, பல நாட்டு நூலகங்களின் ஆசிரியர் பெயர்ப் பதிவுகளை இணைக்கும் வியாஃபிலோ அந்த ஆளுக்கு எண் இருந்தால் அதையும் ஒட்டிவிடுங்கள். நாளைக்கு யாராவது பெயரை மாற்றினாலும் எண் மாறாது.

கார்டுப்பெட்டி · சனி, மாலை 6.45

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து அண்ணாதுரையை மட்டும் முடித்தோம். 'அண்ணாதுரை, சி. என்., 1909–1969' தலைப்பு. 400இல் கா. ந. அண்ணாதுரை, அறிஞர் அண்ணா, பேரறிஞர் அண்ணா, சௌமியன் (அவருடைய புனைபெயர்களில் ஒன்று, பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள்). 'துரை, சி. என். அண்ணா'வை அழித்துவிட்டோம், அந்தப் பையனே அழித்தான். ஓபேக்கில் 'சி. என். அண்ணாதுரை' என்று நேராகத் தெரிகிறது.

ஸ்ரீ சோதனையும் செய்தேன், அரைப்புள்ளி சொன்னது அப்படியே. பதினேழு பேர் ஒரு பக்கம், ஒன்பது பேர் மறுபக்கம். உயிரோடு இருப்பவர்களுக்குப் பிறந்த ஆண்டை எடுத்துவிட்டோம், ஒத்த பெயர் வந்த நான்கு பேரைத் தவிர. அந்த நான்கு பேரை என்ன செய்வதென்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம், ஊர்ப் பெயர் போடலாமா, தொழில் போடலாமா என்று.

இன்று காலை தினமும் பேப்பர் படிக்க வரும் பெரியவரைக் கணினி முன்னால் உட்காரவைத்து 'அண்ணா எழுதின நாடகம் ஏதாவது தேடுங்க ஐயா' என்றேன். ஒரு விரலால் 'அண்ணா' என்று அடித்தார். முதல் பக்கம் முழுக்க அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடுகள். என்னைத் திரும்பிப் பார்த்து, 'கார்டுப் பெட்டிய எங்க வச்சிருக்கீங்க?' என்றார்.

அரைப்புள்ளி · சனி, மாலை 7.02

தேடலில் முழுச் சொல்லுக்கு முன்னுரிமை கொடுங்கள் அண்ணா, தானாகப் பின்னால் நீட்டித் தேடும் அமைப்பை அணைத்துவிடுங்கள். பெட்டியையும் இப்போதைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.